இரவல் கொடுக்க முடியாத நாவல்

பெக்கான் நானாஸ் போன்ற ஓர் ஊரில் தமிழ் நாவல் விற்றுப் பிழைக்கலாம் என்று நம்பி யாரும் கடை திறக்க மாட்டார்கள். சதுப்பு நிலத்தில் அன்னாசி போட்டு வளர்ந்த ஊர் இது. அன்னாசிக்கு ஓர் அருங்காட்சியகம்கூட இருக்கிறது. மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், பொந்தியான் மாவட்டத்தின் இந்தப் பக்கத்துக்குத் தமிழ் நாவல் பெரும்பாலும் கைமாறித்தான் வந்தது. தீபாவளிச் சாமான் வாங்க ஜோகூர் பாரு போனவர் இரண்டு வாங்கி வருவார். தமிழ்நாட்டுக்குப் போய்த் திரும்பிய உறவினரின் பெட்டியில் நான்கு கிடக்கும். அங்கிருந்து வீடு வீடாகப் போகும்.

ரமணிசந்திரனின் ஒரு நாவல் பத்து வீடு சுற்றிவிட்டுத் திரும்பும்போது பின்னட்டை இருக்காது, முதல் பக்கத்தில் மூன்று பேர் பெயர் எழுதியிருக்கும். "இத மொதல்ல படிச்சிட்டுக் குடுக்கா, ரெண்டாவத அப்புறம் தர்றேன்" என்ற பேச்சுவார்த்தையில்தான் இந்த இலக்கியம் வாழ்ந்தது. விற்பனைக் கணக்கை வைத்து வெகுஜன நாவலை அளப்பவர்கள் இந்த இரவல் கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

கடையில்லாத ஊருக்கு மின்னூல் படிக்கும் கிண்டில் கருவி வரப்பிரசாதம் அல்லவா? பாதி உண்மை. 2007 நவம்பரில் வெளிவந்த அந்தக் கருவியில் தமிழ் நூல்களை அமேசான் முறையாக விற்கத் தொடங்கியது 2016 டிசம்பரில். இடைப்பட்ட காலத்தில் நாம் பிடிஎஃப் கோப்புகளை ஏற்றி, பக்கத்தை இடமும் வலமும் இழுத்து இழுத்து, வரிக்கு வரி கண்ணைச் சுருக்கிப் படித்தோம். அதற்கும் முன்பே, 1998 பொங்கலில், சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களோடு கல்கியையும் இலவசமாக இணையத்தில் ஏற்றிவைத்தது.

என் கணிப்பில் கிண்டிலுக்கென்றே எழுதியதுபோல அமைவது சரித்திர நாவல்தான். கல்கியின் பொன்னியின் செல்வன் ஐந்து பாகம். படுத்துக்கொண்டு படித்தால் அச்சுப் புத்தகம் நெஞ்சில் கனக்கும். சாண்டில்யனின் கடல் புறாவும் அப்படித்தான். கடாரத்துக் கதையைக் கடாரம் இருக்கும் நாட்டிலேயே உட்கார்ந்து படிக்கிற சுகம் தனி. கண்புரை அறுவை முடித்த பெரியவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதி ஒன்றே போதும், கருவியின் விலையை நியாயப்படுத்த. அதன் மின்மைத் திரை கைப்பேசி போலக் கண்ணைக் கூசவைப்பதும் இல்லை.

ராஜேஷ்குமாரை மட்டும் அதில் படிக்க எனக்கு மனம் வருவதில்லை. அவருடைய பல நாவல்களில் இரண்டு கதைகள் அத்தியாயம் மாறி அத்தியாயம் ஓடிக் கடைசியில் முட்டிக்கொள்ளும். ஒற்றைப்படை அத்தியாயங்களை மட்டும் முதலில் படித்து முடித்துவிட்டு இரட்டைப்படைக்கு வரும் கில்லாடி வாசகர்கள் உண்டு. தாளில் அது விரல் வேலை. கிண்டிலில் பட்டியலுக்குப் போய், தொட்டு, திரும்பி, மறுபடி தொட்டு... அதற்குள் கொலைகாரன் மேலிருந்த ஆர்வமே போய்விடும். போதாததற்குத் திரையின் அடியில் 93 விழுக்காடு முடிந்தது என்று அறிவிப்பு வேறு.

ஆனால் இந்த ஊர்ப்பக்கம் உண்மையான வாசிப்புக் கருவி கைப்பேசிதான். விடியுமுன் இரண்டாம் பாலம் வழியாகச் சிங்கப்பூருக்குப் போகும் தொழிற்சாலை பஸ்ஸில் நாவல் படிக்கிறவரிடம் கிண்டில் இருக்காது. பிரதிலிபி போன்ற செயலி இருக்கும். ரமணிசந்திரன் வழி வந்த குடும்ப நாவல் இப்போது அங்கேதான் தொடராகப் பெருகுகிறது. எழுதுபவர்களிலும் படிப்பவர்களிலும் பெண்கள் ஏராளம். அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு திருப்பம் வைத்தாக வேண்டும் என்பதால் நான்கு வரியில் முடிய வேண்டிய ஊடல் நாற்பது நாள் நீள்கிறது என்பது என் குறை. கல்கியும் வாராவாரம் வாசகரைக் காக்க வைத்தவர்தானே என்று கேட்பார்கள். உண்மை. ஆனால் அந்த வார இதழை ஒருவர் வாங்கினால் வீடு முழுக்கப் படித்தது. செயலியில் அடுத்த அத்தியாயத்தைத் திறக்கக் காசு கட்டினால் அது கட்டியவருக்கு மட்டுமே திறக்கிறது.

என் வழக்கு இங்கேதான். மின்னூலுக்கு நாம் கொடுக்கும் பணம் புத்தகத்துக்கான விலை அன்று, படிக்கும் அனுமதிக்கான கட்டணம். 2009 ஜூலையில், உரிமை இல்லாதவர் விற்றது என்று சொல்லி, ஜார்ஜ் ஆர்வெல்லின் 1984 நாவலை வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் வீடு புகுந்து எடுத்தது எடுத்ததுதான். 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியே கருவிக்கு மாற்றும் வசதியையும் நிறுத்திவிட்டது. இப்படிப்பட்ட ஒன்றை அடுத்த வீட்டு அக்காவுக்கு எப்படி இரவல் கொடுப்பது? கருவியையே கொடுக்க வேண்டும்.

நூல் வாங்குகிறவருக்கு அரசும் கொஞ்சம் உதவுகிறது: மலேசிய வருமான வரியில் வாழ்க்கைமுறைச் செலவுக்கென்று 2,500 ரிங்கிட் வரை கழிவு உண்டு. அதில் அச்சு நூலும் மின்னூலும் தட்டைக் கணினியும் அடங்கும். நல்லதுதான். ஆனால் வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்குகிறவருக்கு மட்டுமே அது சலுகை. மற்றவர்களுக்கு இரவலை மீட்டுத் தரக்கூடியது பொது நூலகம் ஒன்றே. நீரிணைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் தமிழ் மின்னூல்களை உறுப்பினர்களின் கைப்பேசிக்கே இரவல் தருகிறது. தவணை முடிந்ததும் நூல் தானாகத் திரும்பிப் போய்விடும். 2015இல், சுதந்திரப் பொன்விழா ஆண்டில், ஐம்பதாண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தைத் தன்னார்வலர்களோடு சேர்ந்து மின்வடிவாக்கியதும் அதே நூலகம்தான்.

ஜோகூர் பொது நூலகக் கழகம் இதைச் செய்யலாம். கேட்பவர் வேண்டும், அவ்வளவே. தமிழுக்கென்று ஒதுக்கும் பணத்தை 'தரமான இலக்கியம்' என்று மட்டும் செலவழித்துவிடாமல் ரமணிசந்திரனையும் ராஜேஷ்குமாரையும் முதலில் வாங்க வேண்டும். அவற்றைத் தேடி வருகிறவர் கண்ணில் அதே பக்கத்தில் அ. ரெங்கசாமியின் லங்காட் நதிக்கரையும் ரெ. கார்த்திகேசுவின் வானத்து வேலிகளும் பட வேண்டும். தமிழ்நாட்டு நாவல்களுக்கு உரிமம் பெறப் பதிப்பாளர்களோடு பேரம் பேச நாளாகும். மலேசிய எழுத்தாளர்களிடமோ அவர்தம் குடும்பத்தாரிடமோ எழுத்து மூலம் ஒப்புதல் வாங்குவதை மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கம் இந்த ஆண்டே தொடங்கிவிடலாம்.