கல்லும் தாளும்

கல்லுக்கு மந்திர ஆற்றல் உண்டு என்று ஒருவன் கூறினால் நகைக்கிறோம். நகைப்பது முறைதான். ஆனால், முத்திரை குத்திய ஒரு தாளுக்கு, மனிதனை வாழவைக்கவும் சாகவிடவும் ஆற்றல் உண்டு என்று உலகமே நம்புகிறதே! அந்த நம்பிக்கையைக் கண்டு நகைப்பவர் எத்துணை பேர்?

இந்த வினாவை என் நெஞ்சில் எழுப்பியது ஓர் இசைநாடகம். ஓபரா என்பர் மேல்நாட்டார். கதை முழுதும் பாட்டாலேயே நடக்கும். 'ஃப்ளைட்' என்பது அதன் பெயர். பறத்தல் என்றும் பொருள். தப்பி ஓடுதல் என்றும் பொருள். இசை ஜோனதன் டவ். எழுத்து ஏப்ரல் டி ஏஞ்சலிஸ் எனும் அம்மையார். 1998இல் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் குழுவினர் அரங்கேற்றினர்.

களம், விமான நிலையம். அங்கே ஓர் அகதி. உள்ளே செல்ல உரிமை இல்லை. திரும்பிச் செல்ல நாடு இல்லை. கற்பனை என்று தள்ளிவிடாதீர்! ஈரானில் பிறந்த மெஹ்ரான் கரீமி நாசேரி, 1988 முதல் 2006 வரை பாரிசின் சார்ல் டி கோல் விமான நிலையத்திலேயே வாழ்ந்தார். அவர் வாழ்வே இந்நாடகத்துக்கு வித்து. வெளியேறியவர் இறுதியில் அங்கேயே திரும்பினார். 2022 நவம்பரில் அங்கேயே மாண்டார்.

நாடகத்தில் புயல் வீசுகிறது. பயணிகள் இரவெல்லாம் சிக்கிக்கொள்கின்றனர். துயருற்ற பெண்களுக்கு அகதி ஆளுக்கொரு கல்லைத் தருகிறான்: நலம் தரும் மந்திரக்கல்லாம்! எல்லோரிடமும் அதே கல் இருக்கக் கண்டதும் சீறுகின்றனர். அவனை மயக்கமுறச் செய்து பெட்டியில் ஒளிக்கின்றனர். கல் ஏமாற்று எனக் கண்டதும் கொதித்தெழுந்தவர்கள், "தாள் எங்கே?" என்று அதிகாரி வந்து கேட்கும்போது, தாளும் அத்தகையதே என்று ஏன் கூறவில்லை?

தாளில்லாதவன் தன் கதையைப் பாடுகிறான். தானும் உடன்பிறந்தவனும் விமானத்தின் அடிப்பகுதியில் ஒளிந்து வந்ததை, உடன்பிறந்தவன் குளிரில் உறைந்து மாண்டதை. கல்லும் கரையும் கதை! அதிகாரி கரைகிறார். என்ன வழங்குகிறார்? கைது இல்லை, ஆனால் வெளியே விடவும் மாட்டார். விமான நிலையத்திலேயே கிட என்கிறார்.

இது கருணையாம்! கூண்டின் கதவைத் திறக்காமல் கூண்டுக்குள் கிளியைத் தடவிக் கொடுப்பதற்குப் பெயர் கருணையா?

கிளைண்ட்போர்ன் அரங்குக்கு மாலை உடையணிந்து வந்து, இடைவேளையில் புல்தரையில் அமர்ந்து விருந்துண்பது சீமான்களின் வழக்கம். அவர்கள் அகதிக்காகக் கண்ணீர் விட்டிருக்கலாம். வெளியே நடந்ததென்ன? அடைக்கலம் தேடி வந்தோரை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டத்தை 2022இல் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. 2023 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது சட்டத்துக்குப் புறம்பு என்றது. 2024இல் வந்த புதிய அரசு அதனைக் கைவிட்டது. மேடையில் அழும் கண்கள் துறைமுகத்தில் வறண்டுபோவது ஏன்?

மத்தியதரைக் கடலில் 2014 முதல் மாண்டவரும் மறைந்தவரும் 28,000க்கு மேல். 2013 அக்டோபர் 3ஆம் நாள் லாம்பெடுசா தீவருகே மட்டும் 360க்கு மேற்பட்டோர் மூழ்கினர். அவர்களைக் கொன்றது அலையா? விதியா? இல்லை! விமானச் சீட்டு வாங்கப் பணமிருந்தும், தாளில்லாதவனை விமானத்தில் ஏற்ற மறுக்கும் விதிமுறை அது. விதி வேறு, விதிமுறை வேறு. விதிமுறையை எழுதியவன் மனிதன். மனிதன் எழுதியதை மனிதன் திருத்தலாம்.

திருத்தவும் முற்பட்டான். அடைக்கலம் தேடுவது மனித உரிமை என்றது 1948ஆம் ஆண்டின் உலகப் பேரறிக்கை. உயிருக்கு அஞ்சி நேரே ஓடிவந்து, தாமதமின்றித் தன்னை ஒப்படைப்பவனை, அனுமதியின்றி நுழைந்தான் என்று தண்டிக்கலாகாது என்றது 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தம். பிரிட்டன் ஒப்பமிட்டது, மறந்தது. இந்தியாவோ இன்றளவும் ஒப்பமிடவே இல்லை! அயலானை நோக்கி நீட்டிய விரல் நம்மையும் சுட்டட்டும்.

இளைஞர்களே! அகதி கேட்பது நம் கண்ணீரை அல்ல, கதவை. கல்லுக்கு ஆற்றல் இல்லை என்று கண்டவர்கள் நாம். தாளுக்கும் இல்லை, அதனை ஏந்தும் மனிதனே பெரியவன் என்று துணிந்து சொல்வோம்!