உறைமோர் தந்தவர் யார்?

பாலுக்கு உறைமோர் இட்டு வைத்தால் விடியற்காலையில் தயிராகிவிடும். அந்த உறைமோர் நேற்றைய தயிரிலிருந்து எடுக்கப்பட்டது. நேற்றைய தயிருக்கு முந்தாநாளைய தயிர் உதவியது. இப்படியே பின்னோக்கிச் சென்றால் முதலாவது உறைமோர் எங்கிருந்து வந்தது? சிறு வயதில் இதனை எம் ஆச்சியாரிடம் கேட்டோம். "அடுத்த வீட்டிலிருந்துதான்" என்று சொல்லிவிட்டு அவர் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவ்விடையை நாம் மீண்டும் நினைக்க நேர்ந்தது 2018ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையிலேயாகும்.

அவ்விடுமுறைக்குத் தமக்கையாரும் அவர் மகனும் எம் இல்லத்துக்கு வந்திருந்தனர். மருமகன் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு கணினியை எடுத்து மேசைமீது வைத்தான். நாம் மிகைப்படுத்திக் கூறவில்லை. வங்கி அட்டையொன்றின் நீள அகலமே உடைய அந்த ஒற்றைப் பலகைக் கணினிக்கு றாஸ்பெரி பை என்று பெயர். பிள்ளைகள் குறைந்த செலவிற் செய்நிரல் எழுதிப் பழகட்டும் என்று இங்கிலாந்திலே உருவாக்கி, 2012இல் முதன்முதலாக வெளியிட்டார்கள். அவனிடம் இருந்தது மூன்றாவது வகை. நினைவகம் 1 கிகாபைட்டு. அவனுக்கு வேறு கணினி இல்லை. ஓராண்டு உழைப்பு முழுவதும் அதிற் செருகியிருந்த நகமளவு அட்டையிலேயே இருந்தது.

அவன் எழுதிய செய்நிரலுக்கு ஜீசீசீ என்னும் தொகுப்பியின் 8ஆம் பதிப்பு வேண்டியிருந்தது. கணினியில் இருந்ததோ 6ஆம் பதிப்பு. ஆகவே மூல நிரலை வருவித்துத் தானே கட்டிக்கொள்ளத் துணிந்தான்.

தொகுப்பி என்பது யாது? நாம் சீ++ போன்ற மொழியில் எழுதுவது இயந்திரத்துக்கு விளங்காது. அதனை இயந்திரக் கட்டளைகளாக மாற்றித் தருவதே தொகுப்பியின் தொழில். றிச்சர்ட் ஸ்ரோல்மன் 1987இல் வெளியிட்ட ஜீசீசீ இன்று ஒரு கோடிக்கு மேற்பட்ட வரிகளாக வளர்ந்துள்ளது. அத்தொகுப்பியும் சீ++ மொழியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எனவே அதனைத் தொகுப்பதற்கு முன்னரே ஒரு தொகுப்பி இருத்தல் வேண்டும். அடுத்த வீட்டு உறைமோர்!

கணினியின் மையங்கள் நான்கு என்பதால் நான்கு வேலைகளை ஒருங்கே ஏவிவிட்டுப் படுத்தான் பையன். நள்ளிரவில் திரையிலே 'கொல்லப்பட்டது' என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல் நின்றது. அதன் பொருளைக் கேட்ட தமக்கையார், "வெள்ளிக்கிழமையில் இதென்னடா பேச்சு!" என்று கடிந்துகொண்டார். நிகழ்ந்தது இதுதான்: நான்கு வேலைகளும் நினைவகத்தை விழுங்கிவிட, இயங்குதளம் தன்னைக் காத்துக்கொள்ள அவற்றுள் ஒன்றை நிறுத்திவிட்டது.

இதற்கு மாற்று உண்டு. நினைவகம் போதாதபோது அட்டையின் ஒரு பகுதியை இடமாற்று வெளியாகப் பயன்படுத்தலாம். 100 மெகாபைட்டாக இருந்த அவ்வெளியை 1 கிகாபைட்டாகப் பெருக்கினோம். ஆனால் ஓயாது எழுதினால் அட்டை தேயும். "முதலில் உன் வேலைகளுக்கு ஒரு படி எடு" என்றோம். ஆசிரியத் தொழிலின் பழக்கம்! முணுமுணுத்துக்கொண்டே எடுத்தான். பின்பு வேலைகளை ஒவ்வொன்றாக ஏவினான். வெப்பம் 80 பாகையை அடைந்தால் அப்பலகை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளுமாகையால், எமது மின்விசிறியும் அதற்கே சொந்தமாயிற்று. நாம் வியர்வையில் நனைந்தபடி துயின்றோம்.

ஜீசீசீ மூன்று கட்டமாகக் கட்டப்படுகிறது. பழைய தொகுப்பி புதியதை உண்டாக்குவது முதற்கட்டம். அப்புதியது அதே மூல நிரலிலிருந்து தன்னை மீண்டும் உண்டாக்குவது இரண்டாவது. அவ்விரண்டாவது மறுபடியும் தன்னை உண்டாக்குவது மூன்றாவது. இறுதியில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒப்பிடப்படும். அவை வேறுபட்டால் எங்கோ பிழையுண்டு.

"முதலாவதையும் இரண்டாவதையும் ஒப்பிட்டால் என்ன, மாமா?" என்றான்.

நல்ல வினா. முதலாவதை வார்த்த கை பழையது. அதனால் இரண்டின் செயலும் ஒன்றாயினும் உள்ளே கட்டளைகள் வேறுபடும். இரண்டாவது பானைக்கு வந்த பின்னரே அடுத்த வீட்டுச் சுவை நீங்கும்.

உண்மையில் நீங்கிவிடுமா? யூனிக்ஸ் இயங்குதளத்தை ஆக்கியோருள் ஒருவரான கென் தொம்சன், ரியூரிங் விருது பெற்றபோது ஆற்றிய, 1984இல் அச்சான உரையில் இதனையே கிளறினார். தொகுப்பியொன்றில் வஞ்சகக் கட்டளையைப் புகுத்தலாம்; அது தன்னைத் தொகுக்கும் ஒவ்வொரு முறையும் அவ்வஞ்சகத்தை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும்; பின்பு மூல நிரலிலிருந்து அதனை அழித்துவிட்டாலும் அது சாகாது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்போதும் அச்சொட்டாக ஒத்திருக்கும்! கெட்ட உறைமோர் பானைக்குப் பானை தொடர்வது போல.

இதற்கும் வழி தேடினார்கள். வேறொரு குடும்பத்துத் தொகுப்பியால் தொகுத்து ஒப்பிடும் முறையை 2005இல் டேவிட் வீலர் எடுத்துரைத்தார். 2023இல் கைக்ஸ் திட்டத்தினர் 357 பைட்டு அளவேயான ஒரு வித்திலிருந்து தொடங்கிப் படிப்படியாக ஜீசீசீ வரை வளர்த்துக் காட்டினர். 357 பைட்டை ஒரு மனிதர் ஒரு மாலைப் பொழுதில் எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கலாம்.

அன்று அவ்வித்து எம்மிடம் இருக்கவில்லை. இரண்டு இரவுகள் கழிந்து, மூன்றாம் நாட் காலையில் ஒப்பீடு நிறைவெய்தியது, வேறுபாடு ஒன்றுமில்லை. தேநீரைக்கூடத் தொடாமல் மருமகன் தன் செய்நிரலைப் புதிய தொகுப்பியிடம் கொடுத்தான். அது ஏழு பிழைகளைச் சுட்டிக்காட்டிற்று. ஏழும் அவனுடையவையே.