புரியாது என்று யார் சொன்னது?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

போன வாரம் மரபணு திருத்திய நெல் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். இதைப் பற்றி நம்மில் யாரையாவது கேட்டார்களா என்பதுதான் கேள்வி. என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இன்று ஒரு விதை நிறுவனத்தில் நல்ல பதவியில் இருக்கிறான். அவன் கீழே எழுதினான்: "ஐயா, தப்பா நினைக்காதீங்க. இதெல்லாம் விஞ்ஞானிகள் பார்த்துக்க வேண்டிய விஷயம். ஜனங்களுக்குப் புரியாது. புரியாதவங்களைக் கேட்டா பயந்துபோய் வேணாம்னுதான் சொல்வாங்க."

மரியாதையாகத்தான் எழுதியிருந்தான். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் சாக்பீஸ் பிடித்தவனிடம் "புரியாது" என்ற சொல்லைச் சொல்லலாமா? வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் பாதிக் குற்றம் வாத்தியாருடையது. பயிற்சிப் பள்ளியில் முதல் வாரத்திலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் அறிவியலுக்கு எதிரி இல்லை. மரபணு என்றாலே விஷம் என்று கத்துகிற கட்சியிலும் இல்லை. அந்த நெல் நல்லதாகவே இருக்கலாம். நாளை என் தட்டில் விழுந்தால் நானே சாப்பிடலாம். என் சண்டை நெல்லோடு இல்லை. கேட்காமல் முடிவு செய்கிற பழக்கத்தோடு.

புரியாது என்கிறார்களே, எவ்வளவு கஷ்டம் என்று பார்ப்போம்.

கரும்பலகையில் ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறது. வேறு புத்தகத்திலிருந்து ஒரு வரியைக் கொண்டுவந்து அதில் சேர்த்தால், அது பி.டி. பருத்தி, பி.டி. கத்தரி மாதிரி. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணு செடிக்குள் போகிறது. வெளியிலிருந்து எதையும் சேர்க்காமல், இருக்கிற வாக்கியத்திலேயே ஓர் எழுத்தை அழித்தாலோ மாற்றினாலோ, அது மரபணு திருத்தம். 2025 மே 4 அன்று மத்திய வேளாண் அமைச்சர் அறிவித்த இரண்டு நெல் ரகங்களும் இந்த இரண்டாம் வகை. ஒன்றின் பெயர் கமலா, இன்னொன்று பூசா டி.எஸ்.டி. 1. கமலா எதிலிருந்து வந்தது தெரியுமா? சம்பா மசூரியிலிருந்து. நம் ஊர் ரைஸ்மில்லில் பி.பி.டி. என்று சொல்லி வாங்குகிறோமே, அதே அரிசி. கதிரில் மணி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகிற ஒரு மரபணுவை மடக்கிவிட்டார்கள். மகசூல் கூடும், சுமார் இருபது நாள் முன்னதாக அறுக்கலாம் என்கிறார்கள்.

அவ்வளவுதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு பீரியடில் நடத்திவிடலாம். என் அண்ணன் மகன் வயல் வரப்பில் நின்று கேட்டுக்கொண்டு, உடனே என்னைத் திருப்பிக் கேட்டான்: "சரி சித்தப்பா, இதோட விதையை நான் எடுத்து வெச்சு அடுத்த போகத்துக்கு விதைக்கலாமா? இந்த வேலைக்கான காப்புரிமை யாருகிட்ட இருக்கு?"

புரியாதவன் கேட்கிற கேள்வியா இது? எழுத்தை வெட்டித் திருத்துகிற அந்தக் கருவிக்குத்தான் 2020இல் இரண்டு பெண் விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதன் காப்புரிமைக்காக வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிலையங்களும் பல வருஷமாக வழக்கு நடத்துகின்றன. அந்த வழக்கின் நடு மையத்தைத் தொடுகிற கேள்வி அது. என்னிடம் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் ஊருக்கு வரவில்லை.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பருத்தியே சாட்சி.

2002இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்தார்கள். விதைப் பெட்டியில் 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதையும் தனிப் பொட்டலமாக வரும். வயலைச் சுற்றி அதையும் விதைக்க வேண்டும் என்பது விதி. காரணம் மிக எளிமையானது. எல்லாச் செடியிலும் விஷம் இருந்தால், அதைத் தாங்கிப் பிழைக்கிற ஒன்றிரண்டு புழுக்கள் தங்களுக்குள்ளேயே இனம் பெருக்கும். சாதாரணச் செடியும் இருந்தால் அதில் வளர்ந்த புழுக்களோடு கலந்து, அந்தத் தாங்கும் சக்தி நீர்த்துப்போகும். இதை விவசாயிக்கு உட்கார்ந்து சொன்னவர் எத்தனை பேர்? பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஒரு ஏக்கர் வைத்திருக்கிறவன் புழுவுக்கென்று ஒரு பங்கு நிலத்தை ஒதுக்குவானா? முன்கூட்டியே கேட்டிருந்தால் அவனே சொல்லியிருப்பான், "சார், இது நடக்காது, வேற வழி பாருங்க" என்று. கேட்கவில்லை. சில வருஷங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த விஷத்துக்குப் பழகிவிட்டது. அதற்குப் பிறகுதான் இரண்டு விதையையும் ஒரே பையில் கலந்து கொடுக்கலாம் என்று யோசனை வந்தது. காய்ப்புழு திரும்பி வந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இது முக்கியமான ஒன்று.

ஆக, மக்களைக் கேட்பது மரியாதைக்காகச் செய்கிற சடங்கு இல்லை தம்பி. அந்தத் தொழில்நுட்பம் வயலில் பிழைக்க வேண்டுமென்றால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கேட்டால் பயந்து வேண்டாம் என்பார்கள் என்கிறாயே, ஒரு முறை கேட்டார்கள். அதையும் சொல்கிறேன்.

2009 அக்டோபர் 14. மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு பி.டி. கத்தரிக்காய்க்குப் பச்சைக்கொடி காட்டியது. அதன் பாதுகாப்புச் சோதனை விவரங்களே தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, நீதிமன்றம் வரை இழுத்த பிறகுதான் 2008இல் வெளியே வந்தன. அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் ஒன்று செய்தார். முடிவை நிறுத்தி வைத்துவிட்டு, 2010 ஜனவரி 13 முதல் பிப்ரவரி 6 வரை ஏழு நகரங்களில் கூட்டம் போட்டார். கொல்கத்தா, புவனேஸ்வர், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஐதராபாத், பெங்களூரு. சுமார் 8,000 பேர் வந்தார்கள். விவசாயிகள், விஞ்ஞானிகள், மருத்துவர்கள், கம்பெனிக்காரர்கள், சாதாரண ஜனங்கள். கூச்சல் இருந்தது, தள்ளுமுள்ளு இருந்தது. ஆனாலும் அமைச்சர் உட்கார்ந்து கேட்டார். பிப்ரவரி 9 அன்று, சோதனைகள் போதாது, சுயாதீனமான ஆய்வுகள் வேண்டும், அதுவரை நிறுத்தி வைக்கிறோம் என்று காரணங்களோடு எழுத்தில் முடிவு சொன்னார்.

அந்த முடிவு சரியா தப்பா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். பங்களாதேஷில் 2014 முதல் அதே கத்தரிக்காயை விதைக்கிறார்கள், பூச்சிமருந்துச் செலவு குறைந்தது என்று ஆய்வுகள் வந்திருக்கின்றன. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். நான் சொல்ல வருவது வேறு. அங்கே வந்த ஜனங்கள் பயந்து ஓடவில்லை. நீண்ட நாள் சாப்பிட்டால் என்ன ஆகும், பக்கத்து வயல் நாட்டுக் கத்தரியோடு கலந்தால் என்ன ஆகும், சோதனையைக் கம்பெனியே செய்தால் நம்புவது எப்படி என்று கேட்டார்கள். உயிரியல் விஞ்ஞானி புஷ்ப பார்கவா, உச்ச நீதிமன்றமே குழுவுக்கு அனுப்பிய பார்வையாளர், அவரும் சோதனைகள் போதாது என்றுதான் சொன்னார். விஞ்ஞானி எழுப்பிய சந்தேகமும் விவசாயி எழுப்பிய சந்தேகமும் ஒன்றாகவே இருந்தது.

இதில் எனக்கு இரண்டு வருத்தம் உண்டு.

ஒன்று, அந்த ஏழு ஊரில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை. நம் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமே நம் கத்தரி ரகங்களில் அந்த மரபணுவைச் சேர்த்திருந்தது. நான் இருப்பது வேலூர்ப் பக்கம். இலவம்பாடி முள்ளுக்கத்தரி விளைகிற மண். 2023இல் புவிசார் குறியீடே வாங்கிய காய். அந்தக் கத்தரிக்காரர் பேச வேண்டுமென்றால் பெங்களூருக்குப் பஸ் ஏறியிருக்க வேண்டும். இரண்டு, நிறுத்தி வைத்த பிறகு கோப்பு தூங்கிவிட்டது. என்ன சோதனை செய்தார்கள், முடிவு என்ன என்று யாரும் ஊருக்கு வந்து சொல்லவில்லை. கேட்பது பாதி வேலை. திரும்பி வந்து பதில் சொல்வது மீதிப் பாதி.

அந்தப் பாதியை விட்டால் என்ன நடக்கும்? வாட்ஸ்அப் வரும். "இதைச் சாப்பிட்டால் குழந்தை பிறக்காது" என்று எவனோ ஒருவன் எழுதுவான். எங்கள் தெருவில் பாதிப் பேர் நம்புவார்கள். அப்போது உங்கள் விஞ்ஞானிகள், "பாருங்கள், ஜனங்கள் மூடநம்பிக்கைக்காரர்கள்" என்பார்கள். உண்மையைச் சொல்ல வேண்டியவர் வாயை மூடிக்கொண்டால், பொய் சொல்கிறவன் மைக் பிடிப்பான். இதில் ஜனங்களைக் குறை சொல்லி என்ன பயன்?

பாமர ஜனங்களால் தீர்ப்புச் சொல்ல முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு இன்னொன்று. 2001இல் அன்றைய ஆந்திராவின் மேதக் மாவட்டத்தில் 'பிரஜாதீர்ப்பு' என்று ஒன்று நடத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள், அதிலும் தலித், சிறு விவசாயப் பெண்கள், நடுவர்களாக உட்கார்ந்தார்கள். அரசு அதிகாரி, கம்பெனிப் பிரதிநிதி, பேராசிரியர் எல்லாரும் அவர்கள் முன் வந்து சாட்சி சொன்னார்கள். அந்தப் பெண்கள் நாள்கணக்கில் கேட்டு, குறுக்குக் கேள்வி போட்டு, மாநில அரசின் 'விஷன் 2020' விவசாயத் திட்டம் தங்களுக்கு ஒத்துவராது என்று காரணத்தோடு சொன்னார்கள். எது வேண்டும் என்பதையும் பட்டியல் போட்டுச் சொன்னார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்கள் அதில் இருந்தார்கள்.

இனி என் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன்.

2010இல் இந்தக் கத்தரிக்காய்ச் செய்தி பேப்பரில் வந்தபோது வகுப்பில் படித்துக் காட்டினேன். ஒரு பெண் பிள்ளை எழுந்து, "சார், பூச்சி தின்னா சாகும்னு போட்டிருக்கு. நாம தின்னா?" என்று கேட்டது. எனக்கு அப்போது பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனசு வரவில்லை. "அதெல்லாம் பெரியவங்க பார்த்துக்குவாங்க, நீ பாடத்தைப் படி" என்று உட்கார வைத்துவிட்டேன். பிறகுதான் தேடிப் படித்தேன். புழுவின் குடலில் காரத்தன்மை, அங்கேதான் அந்தப் புரதம் வேலை செய்யும், அது போய் ஒட்டிக்கொள்ளும் இடமும் அங்கே உண்டு. நம் வயிற்றில் அமிலம், அந்த இடமும் இல்லை. இதுதான் விஞ்ஞானிகள் சொல்லும் பதில். ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். சொன்ன பிறகு அந்தப் பிள்ளை இன்னும் நல்ல கேள்வியாக இன்னொன்று கேட்டிருக்கும். நான் வாயை அடைத்துவிட்டேன்.

இப்போது என் மாணவன் எனக்குச் சொல்வதும் அதே வாக்கியம்தான். "பெரியவங்க பார்த்துக்குவாங்க." ஒருவேளை என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டானோ என்னவோ.

அரசியல் சாசனத்தின் 51ஏ பிரிவு, குடிமகனின் கடமைகளில் ஒன்றாக அறிவியல் மனப்பான்மையையும் ஆராய்ந்து கேட்கும் உணர்வையும் வளர்க்கச் சொல்கிறது. கேள்வி கேட்பது நமக்கு உரிமை மட்டும் இல்லை, கடமை. கடமையைச் செய்ய வருகிறவனை வாசலிலேயே நிறுத்தினால் எப்படி?

நிறுத்தித்தான் இருக்கிறார்கள். 2022 மார்ச் 30 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டது. வெளி மரபணு சேராத மரபணு திருத்தப் பயிர்களுக்கு, 1989ஆம் ஆண்டு விதிகளில் உள்ள முக்கியமான அனுமதிப் படிகளிலிருந்து விலக்கு. கத்தரிக்காய்க்கு ஏழு கூட்டம் நடந்தது. நாம் தினமும் மூன்று வேளை சாப்பிடும் அரிசிக்கு ஒரு கூட்டம்கூட இல்லை. விலக்கு சரியாகவே இருக்கலாம். அதைச் சரி என்று யார் யாரிடம் விளக்கினார்கள்? மரபணு மாற்றிய கடுகு வழக்கில் 2024 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் கடுகு விஷயத்தில் வேறு வேறு தீர்ப்பு எழுதினார்கள். ஆனால் விவசாயிகள் உட்பட எல்லாத் தரப்பையும் கலந்து தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டார்கள். நீதிபதிகளுக்கே புரிந்தது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை.

1. ரகம் வயலுக்கு வருவதற்கு முன், சோதனை விவரம் முழுவதும் தமிழில் வெளியாக வேண்டும்.

2. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு கிராம சபை கூடுகிறது. நெல் விளையும் ஊர்களில் ஒன்றிலாவது வேளாண் விஞ்ஞானி வந்து உட்கார வேண்டும். பேசிவிட்டுப் போவதற்கு வரக் கூடாது, கேட்பதற்கு வர வேண்டும்.

3. கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் எழுத்தில் பதில். தெரியாது என்றால் தெரியாது என்றே எழுதட்டும். நான் சொல்லத் தவறிய சொல் அது.

4. விதையை உருவாக்கியவரே அதற்குச் சான்றிதழும் தரக் கூடாது. வினாத்தாள் எழுதிய வாத்தியாரின் மகனுக்கு அவரே விடைத்தாள் திருத்தலாமா?

5. விதைப் பையில் இது என்ன விதை, காப்புரிமை யாருடையது, எடுத்து வைத்து விதைக்கலாமா என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

6. "வேண்டாம்" என்றோ "இப்படி மாற்றினால் சரி" என்றோ மக்கள் சொன்னால், அது முடிவை மாற்ற வேண்டும். எதுவும் மாறாது என்று முன்பே முடிவு செய்துவிட்டுக் கூட்டம் நடத்தினால் அது கூட்டம் இல்லை, புளியோதரைப் பொட்டலம் வாங்கப் போகிற வரிசை. அப்படி ஒன்றுக்கு நானும் போய் வந்திருக்கிறேன். பெயர் வேண்டாம். கொடுத்த அறிக்கை முழுக்க ஆங்கிலம். கையெழுத்து வாங்கிய தாளில் மட்டும் தமிழ்.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். கோபம் இல்லை. உன் கம்பெனி விதையைப் பற்றி எங்கள் ஊரில் பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கு. ஸ்கூல் பக்கத்து வேப்பமரத்தடியில் பெஞ்ச் நான் போட்டுவைக்கிறேன். என் அண்ணன் மகன் முதல் கேள்வி கேட்பான். அன்று நான் உட்கார வைத்த அந்தப் பெண் இப்போது பக்கத்து ஊரில் இரண்டு ஏக்கர் நெல் விதைக்கிறாள். அவளையும் கூப்பிடுகிறேன். அவளுக்குப் புரியாது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தால், இந்தப் பதிவை நீக்கிவிடுகிறேன்.