படப்பிடிப்புக்கு 12 ஏக்கர், மேய்ச்சலுக்கு மற்றதெல்லாம்!

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் மாட்டமாட்டா என்ற சிற்றூருக்கு அருகில் 1,250 ஏக்கர் பண்ணை ஒன்று உள்ளது. அலெக்சாண்டர் குடும்பத்தினர் அங்கு செம்மறி ஆடுகளும் இறைச்சி மாடுகளும் வளர்க்கின்றனர். 1998-ல் இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு வானிலிருந்து இடம் தேடியபோது, அதன் பசும்புல் குன்றுகள் கண்ணில் பட்டன. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்தின் ஹாபிட்டன் கிராமம் அங்கே உருவானது.

படப்பிடிப்பு முடிந்ததும் அரங்கைப் பிரித்துவிட்டு நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே ஏற்பாடு. மழையால் அந்த வேலை தடைபட, 17 வீடுகளின் முகப்புகள் மிஞ்சின. அவற்றைக் காட்டி 2002-ல் சுற்றுலா தொடங்கியது. 'தி ஹாபிட்' படத்துக்காக, அரங்கு நிரந்தரமாக மீண்டும் கட்டப்பட்டது. இன்று அது உலகறிந்த சுற்றுலாத் தலம்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியது வேறு. அரங்கு இருப்பது சுமார் 12 ஏக்கரில். மொத்த நிலத்தில் நூற்றில் ஒரு பங்குதான். பார்வையாளர்கள் தம் விருப்பப்படி பண்ணைக்குள் நுழைய முடியாது. வழிகாட்டியுடன் பேருந்தில் சென்று, குறித்த பாதையில் நடந்து திரும்ப வேண்டும். சுற்றிலும் ஆடுகள் மேய்கின்றன. 2020-ல் கொரோனாவால் நாட்டின் எல்லை மூடப்பட்டு வெளிநாட்டுப் பயணிகள் வரவு நின்றது. ஆடு, மாடு உள்ள பண்ணைக்கு அப்போதும் தொழில் இருந்தது.

நம் பொள்ளாச்சி, கோபிசெட்டிபாளையம் பகுதிகளிலும் வயலும் தோப்பும் படப்பிடிப்புக்குப் போகின்றன. வாடகை பேசும்போது அன்றைய பயிரின் மதிப்பை மட்டும் கணக்கிடுவது போதாது. ஈர மண்ணில் கனரக வண்டி ஏறினால் அடிமண் இறுகும். நீர் இறங்காது, வேர் ஓடாது. அதைச் சரிசெய்யச் சில ஆண்டுகள்கூட ஆகலாம். விட்டுப்போகும் ஆணி, கம்பி, பிளாஸ்டிக்கை மாடுகள் விழுங்கும் ஆபத்தும் உண்டு.

எனவே, எந்தப் பாதையில் வண்டி வரும், தோண்டும் மேல்மண்ணை எங்கே தனியாகக் குவிப்பார்கள், குப்பையை யார் அகற்றுவார்கள், நிலத்தைச் சீர்செய்யும் செலவு யாருடையது என்பதை எழுத்து மூலம் பெற்றுக்கொள்ளுங்கள். முன்வைப்புத் தொகையும் கேளுங்கள். வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள் இத்தகைய ஒப்பந்தம் எழுத விவசாயிகளுக்கு உதவலாம்.

படக்குழு சில நாளில் புறப்பட்டுவிடும். அடுத்த போகம் அதே மண்ணில்தான் விளைய வேண்டும்.