தானம் வேண்டாம், சந்தா கொடுப்போம்

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவனுடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் சாதி வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. சரியான பரிந்துரை. ஆனால் கயிற்றை அவிழ்த்த பிள்ளைக்கு நாம் எதைத் தரப்போகிறோம்? ஒரு கூட்டத்தோடு சேர்ந்து இருக்க வேண்டும் என்பது அந்த வயதின் ஆசை. சாதிச் சங்கங்களுக்கு அது தெரியும்.

அரசுப் பள்ளிகளில் ஏற்கெனவே ஒரு மாற்று இருக்கிறது: சாரணர், சாரணியர் இயக்கம். ஏழெட்டுப் பிள்ளைகள் ஓர் அணி. முகாமில் ஒரே கூடாரம், ஒரே அடுப்பு, ஒரே சட்டி. யார் சமைத்தாலும் எல்லோரும் சாப்பிட வேண்டும்.

இந்த இயக்கத்தின் வரலாறு ஒன்றும் தூய்மையானதல்ல. 1909இல் இந்தியாவுக்கு வந்தபோது அது வெள்ளையர், ஆங்கிலோ இந்தியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே திறந்திருந்தது. இந்தியப் பிள்ளைகளுக்காக 1916இல் சென்னையில் தனிச் சங்கமே தொடங்க வேண்டியிருந்தது. அன்று நிறம் போட்ட தடையை இன்று காசு போடுகிறது. சீருடை, முகாம் கட்டணம், பேருந்துச் செலவு என்று வரும்போது முதலில் பெயரை அடித்துக்கொள்வது கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்தான். இழப்பு முகாமோடு முடிவதில்லை. ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீட்டு வேலைக்குக் குடியரசுத் தலைவர் விருது ஒரு தகுதி. அதை எட்டப் படிப்படியாகச் சில ஆண்டுகள் ஆகும். நடுவில் ஓராண்டு பணமில்லை என்றால் ஏணி அங்கேயே முறிந்துவிடும்.

அதனால்தான் ஒரே தடவை கொடுக்கும் நன்கொடை போதாது. பெரிய மனிதர் ஒருவர் சீருடை கொடுத்தால் மேடை, பொன்னாடை, புகைப்படம் எல்லாம் கூடவே வரும். கொடுக்கிற கை மேலே, வாங்குகிற கை கீழே என்ற பழைய பாடமும் வரும். 30 பேர் மாதம் 100 ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு 36,000 ரூபாய். அதில் புரவலர் என்று எவரும் இல்லை. எந்தப் பிள்ளையும் யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கக் கூடாது. சேரன்மாதேவி குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டது. பொதுப்பணத்தில் நடந்த அந்த இடத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதைக் கேள்வி கேட்டார்கள். நாமும் கேட்போம்: அணிகளைச் சாதி பார்க்காமல் கலந்து பிரிக்கிறார்களா? ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் படை இருக்கிறதா? சமையலும் கழுவுதலும் முறைவைத்து எல்லோருக்கும் வருகிறதா? அணித் தலைவர்களாக யார் வருகிறார்கள்?

சேர்ந்து சாப்பிட்டால் சாதி ஒழிந்துவிடாது என்று அம்பேத்கர் 1936லேயே வாதிட்டார். உண்மை. முகாம் சாதியை ஒழிக்காது. ஆனால் பதினான்கு வயதில் ஒரே கூடாரத்தில் படுத்தெழுந்த நண்பன்மீது அரிவாள் ஓங்க வேண்டும் என்று ஒருவன் வந்து சொல்லும்போது, அந்தப் பையன் மறுத்துப் பேச ஒரு காரணம் இருக்கும்.

தோழர்களே, உங்கள் ஊர் அரசுப் பள்ளிக்குப் போய் சாரண ஆசிரியரைப் பாருங்கள். பணம் இல்லாமல் இந்த ஆண்டு எத்தனை பேர் முகாமுக்குப் போகவில்லை என்று கேளுங்கள். பிறகு 30 பேரைச் சேருங்கள்.