நீங்க மேனேஜரா, பாஸ்?

கும்மிடிப்பூண்டி லோக்கல்ல காலேஜ் போறவங்களா நீங்க? அப்போ இதைப் பார்த்திருப்பீங்க. நைட் ஷிப்ட் முடிச்ச சிப்காட் அண்ணன்கள் ஏறி உட்கார்ந்து, மீஞ்சூர் வர்றதுக்குள்ள தூங்கிடுவாங்க. எதிர் சீட்ல கழுத்துல டேக் மாட்டின சாஃப்ட்வேர் அக்கா, மடியில லேப்டாப்பைத் திறந்து அப்பவே வேலையை ஆரம்பிச்சிருப்பாங்க. அண்ணன்களுக்கு எட்டு மணி நேரம் தாண்டினா ஓ.டி. (கான்ட்ராக்ட்ல இருக்கறவங்களுக்கு அது ஒழுங்கா வருதாங்கறது தனிக் கதை.) அக்காவுக்கு ஓ.டி.ன்னா, ரிலீஸ் ராத்திரி ஆபீஸ்ல தர்ற பீட்சாதான்!

நமக்கு வரப்போற ஆஃபர் லெட்டர்லயும் 'அனலிஸ்ட்', 'கன்சல்டன்ட்'னு கெத்தா ஒரு பேர் இருக்கும். திடீர்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னா, தொழிலாளர் சட்டப்படி கேஸ் போட அந்தப் பேர் உதவுமா? சட்டம் காப்பாத்தறது தொழிலாளியை. மேனேஜரை இல்ல.

சென்னையில நடந்த கேஸ் இது. 2015-ல் ஒருத்தரை வேலையிலிருந்து நீக்கிச்சு டி.சி.எஸ். 'அவர் பார்த்தது மேனேஜர் வேலை, அவர் தொழிலாளியே இல்ல'ன்னு கம்பெனி வாதாடுச்சு. லேபர் கோர்ட் பதவிப் பேரை விட்டுட்டு, அவர் நிஜமா செஞ்ச வேலையைப் பார்த்துச்சு. சம்பள பாக்கியோட திரும்பச் சேர்க்கணும்னு 2022-ல் உத்தரவு. விசில் அடிக்கலாம்... ஆனா ஏழு வருஷம் பாஸ்! நமக்கு நாலு வருஷ இன்ஜினீயரிங்கே மூச்சு முட்டுது.

நடுவுல 2016-ல், ஐ.டி. கம்பெனிகளுக்குத் தொழிற்தகராறு சட்டத்துல விலக்கு இல்ல, ஊழியர்கள் சங்கம் வைக்கலாம்னு தமிழக அரசும் தெளிவுபடுத்திடுச்சு. அந்த 1947 சட்டத்தோட இடத்துக்கு 2025 நவம்பர் 21-ல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்திருக்கு. இதுலயும் டெக்னிக்கல் வேலை பார்க்கறவர் தொழிலாளிதான். ஆனா மேற்பார்வை வேலைக்குப் போய் மாசம் 18,000 ரூபாய்க்கு மேல வாங்கினா வெளியே!

புரியுதா? ராத்திரி ரெண்டு மணிக்கு கோடிங் அடிக்கற வரைக்கும் நீங்க உள்ளே. 'டீம் லீட்'னு சொல்லி நாலு பேரை மேய்க்க விட்டா, சிக்கல் ஆரம்பம். அந்தப் ப்ரமோஷன் லெட்டர் வந்தா, ட்ரீட் கேக்கற கும்பலைக் கொஞ்சம் வெளியே நிக்க வெச்சுட்டு, லீவு கையெழுத்து, அப்ரைசல் மார்க் எல்லாம் உங்க கையிலயா, இல்ல பழைய கோடிங்கே தொடருதான்னு ஒருதடவை முழுசாப் படிச்சுப் பாருங்க.