ரசீது இல்லாத வாடகை

மும்பை மாதுங்காவின் பழைய கட்டடங்களில், பகடி முறையில், அதாவது பெருந்தொகை முன்பணம் கொடுத்துக் குறைந்த வாடகையில் நெடுங்காலம், இருக்கும் குடும்பங்களில் பலருக்கு மாத வாடகை சில நூறு ரூபாய்தான். 1947ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உறையவைத்த தொகை அது. 1999ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆண்டுக்கு 4 சதவீத உயர்வுக்கு வழிவிட்டதோடு சரி.

மாதம் 300 ரூபாய் தருபவர் வீடு ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் அசையாவிட்டால், நோட்டீஸ் கொடுத்துத் தானே பழுதுபார்த்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆண்டு வாடகையில் கால்பங்கு வரைதான். அதாவது 900 ரூபாய்! கொத்தனார் கூலிக்கே போதாது. வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் கட்டடம் விழட்டும், மனை மிஞ்சும் என்று காத்திருப்பவர்களுக்காகப் பரிந்துபேச முடியாது.

மும்பையின் குடிசைப்பகுதியான தாராவியில் சிக்கல் வேறு. கீழே வீட்டுக்காரர், செங்குத்தான இரும்பு ஏணி ஏறினால் வாடகைக் குடித்தனம். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்த தரைத்தளத்தாருக்கு அங்கேயே 350 சதுர அடி இலவச வீடு. மாடிவாசிக்கோ தாராவிக்கு வெளியே, தவணையில். அதற்கும் சான்று வேண்டும். ஆனால் மின் மீட்டர் வீட்டுக்காரர் பெயரில். வாடகை ரொக்கமாகக் கைமாறியது.

வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது வீட்டுக்காரர் பொறுப்பு. செய்யாவிட்டால், மாறாக நிரூபிக்கப்படும்வரை, குடித்தனக்காரர் சொல்வதே நிபந்தனை என்கிறது 1999ஆம் ஆண்டுச் சட்டம். தாராவியில் யாருக்கு வீடு என்று முடிவுசெய்யும் கணக்கெடுப்பும் இந்த நியாயத்தைப் பின்பற்ற வேண்டும். காகிதமில்லை என்று மாடிவாசியைத் தள்ளுமுன், ரசீது தராமல் வாடகை வாங்கியவரை அதிகாரிகள் விசாரிக்கட்டும்.